மருந்து கொடுக்காத கொட்டகை

நாமக்கல் பக்கம் கோழி மருத்துவராக வேலைக்கு வந்து ஆறேழு மாதம் ஆனவர்கள் உங்களில் இருந்தால், அவர்களில் ஒருவருக்காவது இந்நேரம் அந்தப் பட்டம் வந்து சேர்ந்திருக்கும். "டாக்டருக்கு நல்ல கைராசிங்க" என்று பண்ணைக்காரர் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் சொல்லுவார். நம் காதில் விழும்படியாகவே சொல்லுவார். உச்சி குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியைக் கண்டு கொஞ்சம் பயப்படுங்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு அந்தப் பட்டம் கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ராசிபுரம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் முட்டை குறைந்துவிட்டது என்று போன் வந்தது. கிளம்பினேன். ஆண்டகளூர் தாண்டியதும் கார் மக்கர் பண்ணிவிட்டது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, திரும்பி வீட்டுக்கு வந்து, மறுநாள்தான் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் முட்டை தானாகவே பழைய அளவுக்கு ஏறியிருந்தது. நான் ஒரு கோழியைக்கூடத் தொடவில்லை. பண்ணைக்காரர் கேட்டருகே வந்து கும்பிட்டார். "நீங்க பொறப்பட்டீங்கன்னு சேதி வந்ததுமே கோழியெல்லாம் சரியாயிருச்சுங்க" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவர் கேட்கிற நிலையில் இல்லை. காரின் பின்சீட்டில் அட்டை அட்டையாக முட்டை ஏறிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் செய்யாததற்கே இவ்வளவு மரியாதை கிடைக்குமென்றால், ஒன்றும் செய்யாததற்கே ஒருநாள் கெட்ட பெயரும் கிடைக்கும். அதுகூடப் போகட்டும். நான் போகாமலேயே சரியாகிற கோழிகள் இருக்கும்போது, நான் போய் மருந்து எழுதிச் சரியான கோழிகளில் எத்தனை என்னால் சரியாயின? இந்தக் கேள்வி ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் அப்புறம் நிம்மதி கிடையாது. எனக்கு அன்றிலிருந்து கிடையாது.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். வெளியே கிளம்பினால் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். அறிவியல் என்றால் துணிச்சலும் மேதாவித்தனமும் உள்ளவர்களுக்கான சமாசாரம் என்று படிக்கிற காலத்தில் நினைத்திருந்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் அது என்னைப் போன்றவர்களுக்கென்றே செய்த ஏற்பாடு என்று புரிந்தது. தன்மேலேயே நம்பிக்கை இல்லாதவர்கள் தடுமாறாமல் நடக்க ஒரு வழி, அவ்வளவுதான். அப்படி நான் நடந்த ஒரு வாரத்தைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில கோடைகளுக்கு முன்பு நடந்தது. திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு முட்டைக்கோழிப் பண்ணை. நடத்தியவர் பெயர் சரசு என்று வைத்துக்கொள்வோம். கணவர் லாரி ஓட்டுநர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். பண்ணை முழுக்க முழுக்கச் சரசுவின் பொறுப்பு. மூன்று கொட்டகைகள். ஒன்றில் முட்டை ஓய்ந்து, கறிக்குக் கழித்து அனுப்ப நாள் பார்த்திருந்த கிழட்டுக் கோழிகள். எதிரெதிராக இருந்த மற்ற இரண்டிலும் ஒரே நேரத்தில் வாங்கி வளர்த்த இளங்கோழிகள். அவை முழு முட்டைக்கு வந்திருந்த நேரம் அது. அந்த இரண்டு கொட்டகைகளும் போனால் பண்ணையே போயிற்று என்று அர்த்தம்.

அந்த இரண்டிலும்தான் சாவு விழுந்தது. முதலில் முட்டை ஓடு மெலிந்தது. கையில் எடுத்தால் நொறுங்கியது. பிறகு மத்தியான வெயிலில் கோழிகள் கூண்டுக்குள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தன. சாயங்காலத்துக்குள் சில செத்தன. மறுநாள் இன்னும் சில. சரசு எனக்கு போன் செய்தபோது ஒரு வாரம் கடந்துவிட்டிருந்தது.

ஒரு வாரமாகச் சும்மா இருந்தார் என்று நினைக்காதீர்கள். முத்துசாமி அண்ணன் வந்து பார்த்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டருக்குப் படித்தவர் இல்லை. பண்ணை பண்ணையாகப் போய் மேற்பார்வை பார்ப்பவர். முப்பது நாற்பது வருடமாகக் கோழியோடு கோழியாக இருந்தவர், எனக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர். கோழி நிற்கிற நிலையைப் பார்த்தே காய்ச்சலா கழிச்சலா என்பார், பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். கைராசி என்ற சொல் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு என்றே உண்டான மாதிரி. அவரை மட்டமாகச் சொல்லிவிட்டு விஞ்ஞானத்தை உயர்த்துகிற வேலை எனக்கு வேண்டாம். அவர் நல்ல மனிதர், கெட்டிக்காரர், கோழிமேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர். ஆபத்து எங்கே இருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது வெயில் அடிதான் என்று அவர் முடிவு செய்திருந்தார். வருடாவருடம் கோடையில் எல்லாப் பண்ணையிலும் பார்ப்பது. அதற்கென்று அவருக்கு ஒரு கலவை உண்டு. சோடா உப்பு, அதாவது ஆப்பத்துக்குப் போடுகிற அதே சோடா, கூடவே வைட்டமின், ஈரல் டானிக், ஒரு ஆண்டிபயாட்டிக், அவர் கையாலேயே காய்ச்சிய ஒரு கசாயம். எல்லாவற்றையும் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டியில் கலந்துவிடுவார். போன கோடையில் நாலைந்து பண்ணைகளை இதனால்தான் காப்பாற்றினார் என்று ஊரே சொன்னது. இங்கே மட்டும் கேட்கவில்லை. கேட்காததால் நாலாம் நாள் அளவைக் கூட்டினார்.

நான் போனதும் செத்த கோழிகளை அறுத்துப் பார்த்தேன். சிறுநீரகம் வீங்கியிருந்தது. ஈரல்மேலும் இதயத்தின்மேலும் சாக்பீஸ் தூளைத் தூவியது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்பது தெளிவு. ஏன் கைவிட்டது என்பதுதான் கேள்வி. வைரஸாக இருக்கலாம். மக்காச்சோளத்தில் பூஞ்சணம் இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து மிதமிஞ்சியிருக்கலாம். தண்ணீர் போதாமல் இருக்கலாம். கொடுக்கிற ஏதோ ஒன்று கூடிப்போயிருக்கலாம். தீவனத்தில் என்னென்ன சேருகிறது என்று கேட்டேன். மக்காச்சோளம், சோயா, தவிடு, கிளிஞ்சல் என்று சரசு வரிசையாகச் சொன்னார். முன்பு பண்ணையிலேயே கலந்தார்களாம், இந்தக் கோடையிலிருந்து வெளியே அரைத்துக் கலந்து வாங்குகிறார்களாம். அதே பொருட்கள், அதே அளவு என்றார். மாதிரிகளைக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வர நாளாகும்.

அந்த நாட்கள்தான் நம் தொழிலில் கண்டம். கண்ணெதிரே கோழி சாகிறது, காரணம் தெரியாது, பண்ணைக்காரர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சரசு ஒரு பேனாவையும் பழைய காலண்டர் தாளையும் எடுத்து வந்து என்முன் வைத்தார்.

"நீங்களும் ஒரு மருந்து எழுதிக் குடுத்துருங்க. முத்துசாமி மாமா போடறதும் இருக்கட்டும். ரெண்டையும் சேத்திப் போட்டுருவமுங்க."

நம் பக்கத்துப் பண்ணைகளில் இதுதான் வழக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுவது. எது கேட்டால் என்ன, கேட்டால் சரி. அந்தப் பேனாவை எடுத்து இரண்டு மருந்து எழுதியிருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். எழுதத்தான் கை போயிற்று. கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் ஒருவர், பெயர் வேண்டாம், வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து ஒருமுறை சொன்னார். மருந்து எழுதும்போது யாருடைய பயத்துக்காக எழுதுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கோழிக்காகவா, பண்ணைக்காரருக்காகவா, உங்களுக்காகவா. அன்று அந்தக் காலண்டர் தாள் என் பயத்துக்கான மருந்துச் சீட்டு என்பது எனக்கே தெரிந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

ஒரு கொட்டகையில் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீர் கொடுப்போம், எதிர்க் கொட்டகையில் முத்துசாமி அண்ணன் கொடுப்பது அப்படியே தொடரட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன். தீவனம் இரண்டுக்கும் ஒன்றே. வித்தியாசம் தண்ணீரில் மட்டும். ஒவ்வொரு கொட்டகைக்கும் தனித்தனித் தொட்டி இருந்ததால் அது முடிகிற காரியம்தான்.

சரசு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஒரு செட்டுக் கோழிய செத்தாச் சாகட்டும்னு உடறதுங்களா?"

இந்தக் கேள்வியை நீங்களும் ஒருநாள் எதிர்கொள்வீர்கள். பசப்பாதீர்கள். நானும் பசப்பவில்லை, தைரியத்தால் அல்ல, வேறு பதில் தெரியாததால். அண்ணன் கொடுக்கிற மருந்துதான் கோழிகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்றால், நிறுத்துகிற கொட்டகையில் சாவு கூடும், அது என் பொறுப்பு என்றேன். மருந்தால் பயனில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். இரண்டில் எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றேன். நான் நினைத்தது தப்பாகப் போனால், லாரியில் எங்கோ வடக்கே போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்லுவார் என்று நினைத்தேன்.

பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த முத்துசாமி அண்ணன் கோபப்படவில்லை. யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். சோதனை பண்ணித்தான் தீர வேண்டும் என்றால் அந்தக் கிழட்டுக் கோழிக் கொட்டகையில் பண்ணலாம், செத்தாலும் பெரிய நட்டமில்லை என்றார். சரசுவின் முகம் தெளிந்தது. எனக்கும் ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது. ஆனால் கிழட்டுக் கோழிகளையும் இளங்கோழிகளையும் ஒப்பிட்டு என்ன கண்டுவிட முடியும்? சாவு கூடினால் வயது என்பார்கள், குறைந்தால் அங்கே முதலிலிருந்தே சாவு இல்லையே என்பார்கள். இழக்கத் துணியாத இடத்தில் கேட்டால்தான் பதில் வரும். இந்த இரண்டு கொட்டகைகளில் ஒன்றுதான் வேண்டும் என்றேன்.

எந்த ஒன்று? அண்ணன் ஒன்றைக் கைகாட்டினார். காற்று நன்றாக வருகிற கொட்டகைக்கு மருந்து இருக்கட்டும் என்று அவர் மனம் சொல்லியிருக்கும். நான் தேர்ந்தெடுத்தால் என் மனம் எதையாவது சொல்லும். இரண்டு பேரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றேன். சரசு சட்டென்று, "சீட்டெதுக்குங்க, பூக் கேட்டுருவம்" என்றார்.

வெளியூரிலிருந்து வந்த உங்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம், நிலம், கிணறு என்று எதில் சந்தேகம் வந்தாலும் சாமிமுன் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். பண்ணைக்குள் இருந்த சின்ன மாரியம்மன் மேடைதான் அதற்கு இடம். எனக்கு ஆட்சேபணை இல்லை. பொட்டலத்துக்குள் இருப்பது எடுக்கிற கைக்குத் தெரியாது, அதுதானே வேண்டும். கிழக்குக் கொட்டகைக்கு வெள்ளை, மேற்குக் கொட்டகைக்குச் சிவப்பு, எது வருகிறதோ அதில் மருந்து நிறுத்தம் என்று பேசிக்கொண்டோம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். இதை மட்டும் மறக்காதீர்கள். எப்போது கைவிடுவது என்பதைத் தொடங்குமுன்பே மூவரும் பேசி முடித்தோம். மூன்றாம் நாள் காலை வரை பார்ப்பது. அதற்குள் வெறும் தண்ணீர்க் கொட்டகையில் ஒருநாள் சாவு எதிர்க் கொட்டகையைப்போல் இரண்டு மடங்கைத் தொட்டால் அந்த நிமிடமே மருந்து. அதற்குக் குறைவாக இருந்தால் யார் என்ன சொன்னாலும் தொடுவதில்லை. சாவு விழுகிற நேரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிற அளவுக்கு நான் திடமானவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனம் கொஞ்சம் நிதானமாக இருந்தபோதே முடிவை எடுத்துப் பூட்டி வைத்தேன்.

முட்டை பொறுக்குகிற அம்மா ஒருவர் கைகழுவிவிட்டு வந்து பொட்டலத்தை எடுத்தார். பிரித்தால் சிவப்பு அரளி.

சரசு ஆடிப்போய்விட்டார். சிவப்பு வந்துவிட்டது, சாமி வேண்டாம் என்கிறது, இந்தச் சோதனையே வேண்டாம் என்று அழுகிற குரலில் சொன்னார். இன்றைக்குச் சிவப்பு என்றால் மேற்குக் கொட்டகை, அவ்வளவுதான், நாமாக வைத்த பெயர்தானே என்று நான் விளக்கினேன். புத்திக்குப் புரிந்தாலும் ஆயுசு முழுக்கச் சிவப்பென்றால் வேண்டாம் என்று பழகிய மனது கேட்குமா? முத்துசாமி அண்ணன் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். எனக்குத் திக்கென்றது. பிடித்த பூ வரும்வரை கேட்டுக்கொண்டே போனால் அப்புறம் என்ன சோதனை. ஆனால் அதைச் சாமி மேடை முன்பு எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். என்னைக் காப்பாற்றியது சரசுவேதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லீங்க மாமா. ரெண்டாந்தரம் கேட்டா சாமி குத்தமாயிரும். கேட்டது கேட்டதுதானுங்க."

மேற்குக் கொட்டகைத் தொட்டியை அவரே திறந்து காலி செய்தார். கழுவி வெறும் தண்ணீரை ஏற்றினோம்.

முதல் நாள் மத்தியானம் நான் அந்தத் தொட்டியை விட்டு நகரவில்லை. எனக்கு ஒரு பயம், யாராவது இரக்கப்பட்டு மருந்தைக் கலந்துவிடுவார்களோ என்று. தகரக் கூரையின் அனல் முகத்தில் அடித்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "அம்மிணி, நான் வாக்குக் குடுத்தா மாறமாட்டனுங்க. நெழலுக்குப் போங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் எண்ணினோம். வெறும் தண்ணீர்க் கொட்டகையில் சாவு அதிகம். இரண்டு மடங்கு இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அதிகம். சரசு செத்த கோழிகளைத் தூக்கிக்கொண்டு குழிப்பக்கம் போனார், திரும்பி வந்து மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அண்ணன்தான் பேசினார்.

"போதுமுங்க அம்மிணி. வாயில்லாச் சீவனுங்க. நாளைக்கும் இப்பிடிப் பாத்துட்டு நிக்க என்னால முடியாது."

உண்மையைச் சொல்கிறேன், என்னாலும் முடியாது என்றுதான் இருந்தது. மருந்தைப் போட்டுவிடுங்கள் என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் சாவு குறைந்தாலும் கூடினாலும் எதனால் என்று யாருக்கும் தெரிந்திருக்காது, மேற்குக் கொட்டகையில் அன்று செத்த கோழிகள் வீணாகச் செத்திருக்கும். இரண்டு மடங்கு ஆகவில்லை, பேசியபடி மூன்றாம் நாள் காலை வரை பார்ப்போம் என்றேன். அன்றிரவு தூக்கம் இல்லை.

மறுநாள் இரண்டு கொட்டகையிலும் சாவு ஏறக்குறைய ஒன்றாக வந்தது. ஏற்கெனவே சிறுநீரகம் கெட்டுப்போன கோழிகள் முதல் நாளில் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதை நம்பவில்லை. நமக்குச் சாதகமான விளக்கத்தை நம் மூளை எப்போதும் தயாராக வைத்திருக்கும், அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் காரை நிறுத்தும்போதே சரசு கேட்டுக்கு ஓடிவந்தார். மேற்குக் கொட்டகையில் ராத்திரி முழுக்க ஒன்றிரண்டுதான் போயிருந்தன. கோழிகள் தலையைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டி நின்றன. கிழக்கே, மருந்து ஓடிய கொட்டகையில், சாவு முந்தைய நாள் போலவே இருந்தது. மூவரும் பேசி அங்கேயும் அன்று மருந்தை நிறுத்தினோம். நான் அப்போதும் சந்தோஷப்படவில்லை, தற்செயலாக இருக்கலாம் என்ற உதறல் விடவில்லை. கிழக்குக் கொட்டகையும் அதே மாதிரி, முதலில் கொஞ்சம் ஏறி, பிறகு சடசடவென்று இறங்கியபோதுதான் மூச்சு விட்டேன்.

சரி, தண்ணீரில் கலந்ததில் எது? சிறுநீரகத்தை இப்படி அடிக்கக்கூடியது என்று பார்த்தால் முதல் சந்தேகம் சோடா உப்பின்மேல் வரும். ஆனால் அண்ணன் போட்ட அளவு தப்பில்லை, கூட்டிய அளவும் கொல்லுகிற அளவில்லை. தீவனம் அரைத்துத் தருகிற இடத்துக்கு போன் போட்டுக் கேட்டேன். சோடா உப்பு ஏதாவது சேர்க்கிறீர்களா என்றதும் அந்தப் பக்கம் வியப்பாகச் சொன்னார்கள்.

"வெயில் காலத்துக்குச் சோடா உப்பு சேத்தாம ஆருங்க அரைக்கறாங்க?"

இவர்களும் வெயிலுக்குப் போட்டார்கள். அண்ணனும் வெயிலுக்குப் போட்டார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் செய்ததும் சரி. கோழிக்கு வாய் ஒன்றுதானே, இரண்டும் அதற்குள்தான் போயிற்று. முதலில் விழுந்த சில சாவு வெயிலால் இருக்கலாம், அப்புறம் தொடர்ந்ததெல்லாம் இந்த இரட்டை உப்பால். தீவனத்தில் என்னென்ன என்று நான் கேட்டபோது யாரும் மறைக்கவில்லை. வழக்கமாகப் போடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டிய விஷயமாக யாரும் நினைப்பதில்லை, அவ்வளவுதான். ஆய்வக முடிவும் அப்புறம் வந்தது. வைரஸ் இல்லை, பூஞ்சணம் இல்லை, உப்புத்தான் மிதமிஞ்சி இருந்தது.

ஆபத்து எங்கே என்று சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். முத்துசாமி அண்ணனின் அனுபவம் பொய் இல்லை. வெயிலில் சோடா உப்பு கோழிக்கு நல்லதுதான், பண்ணையிலேயே தீவனம் கலந்த காலத்தில் அது வேலை செய்திருக்கும். ஆனால் நடந்ததைத்தான் அனுபவம் பார்க்கும். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அது ஒருபோதும் பார்த்திருக்காது. அதைப் பார்க்க ஒரு கொட்டகையை விட்டுவைக்க வேண்டும், விட்டுவைக்க நமக்கு மனசு வராது. அந்த மனசு வராத இடத்தில்தான் நம் படிப்புக்கு வேலை. மற்ற இடங்களில் அண்ணன் மாதிரி ஆட்களே போதும், நம்மைவிட நன்றாகவே பார்ப்பார்கள்.

சரசு மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். சிவப்புப் பூவால் அம்மன் மேற்குக் கொட்டகையைச் சுட்டிக்காட்டினாள் என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் மறுக்கவில்லை, இரண்டு தரம் வாங்கிப் பொங்கல் சாப்பிட்டேன். முன்பு தனியாகச் சொன்னவர்கள் இப்போது கூட்டத்திலேயே டாக்டரம்மாவுக்குக் கைராசி என்றார்கள். இதற்கு மருந்தே கிடையாது.

ஆனால் முத்துசாமி அண்ணன் மட்டும் பொங்கலுக்கு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒரு முற்பகல், என் அலுவலகத்துக்கு வந்தார். மாதிரி எதுவும் கொண்டுவரவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார். வெளியே கலந்த தீவனம் வாங்குகிற பண்ணைகள் வேறெவை என்று கேட்டுக்கொண்டு வருகிறாராம், ஏழெட்டு இருக்கிறதாம், எல்லாம் அவர் போய் வந்தவை. பிறகு என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"போன வருசம், அதுக்கு மிந்துன வருசம், எல்லாப் பக்கமும் இதத்தானுங்க போட்டேன். நல்லானதெல்லாம் என்னாலன்னாங்க. செத்ததெல்லாம் வெயில்னாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். நெசத்தச் சொல்லுங்க அம்மிணி. அதுல எத்தன என்ற கையால செத்துதுங்க?"

வயதில் மூத்தவர், கண் கலங்கியிருந்தது. ஒன்றும் இருக்காது அண்ணா, விடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், என்னை மதித்தவர் அவர். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை ஆறுதலுக்காகத் தெரிந்த மாதிரி சொல்வதென்றால், அப்புறம் நான் அந்த மேற்குக் கொட்டகையில் நின்றதற்கே அர்த்தமில்லை.

"தெரியாதுங்கண்ணா" என்றேன். "எந்தப் பண்ணையிலயும் ஒரு செட்ட உட்டு வெக்கலீங்களே."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் போயி நல்லாச்சே எத்தனையோ பண்ண, அது என்னாலதானுங்களா?"

"அதும் தெரியாதுங்கண்ணா."